ஒன்றா ஏழா

புளியரையில் மழை விடவில்லை.
தகர ஷெட்டுக்குள் ஐம்பத்துமூன்றாம் வருஷத்து மாரிஸ் மைனர்,
முகப்பு விளக்கின் குழியில் கோழித்தூவல்.
ஆர்.சி. புத்தகத்தைப் பாலித்தீன் கவரோடு நீட்டினார்
செய்யதலி பாத்திமா.
புனலூரிலிருந்து வந்திருந்த குரியாக்கோஸ்
முன்பணம் இருக்கிறதா என்று
சட்டைப்பையை வெளியிலிருந்தே தடவிக்கொண்டிருந்தார்.

என் வேலை எண் எடுப்பது.
டப்பாவில் மண்ணெண்ணெய், தேய்ந்த பல் பிரஷ்,
நைஸ் எமரி தாள், டார்ச்,
நாலு பி பென்சில், செலோடேப்.
திறந்தால் பல் வைத்தியன் என்று நினைப்பார்கள்.

பானட்டைத் தூக்கினேன்.
ஃபயர்வாலில் தகடு இருந்தது.
தகடு பழசு. ரிவெட் புதுசு.
எழுபது வருஷத்துத் தகட்டைப்
போன வருஷத்து ரிவெட் பிடித்துக்கொண்டிருந்தால்
நடுவில் அது எங்கே போயிருந்தது?

"பெயின்ட் அடிக்கையில கழட்டினாங்க.
ஊறுகா பாட்டில்ல போட்டு வச்சிருந்தேன்."

இருக்கலாம்.
தகடு சொல்லிக்கொடுத்ததையும் சொல்லும்.
இரும்பில் குத்தியதைக் கேட்டுவிட வேண்டும்.

டிரைவர் சீட்டோரம் ரப்பர் விரிப்பை உரித்தேன்.
பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே ஒரு கறுப்பு.
அந்தக் கறுப்பு அடித்த நாளில்
இந்த இடம் கொல்லம் ஜில்லா.
வண்டி நின்ற இடத்திலேயே நின்றது,
எல்லைதான் ஆரியங்காவுப் பக்கம் ஏறிப்போனது.

தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தேன்.
நாலு வந்தது. பூஜ்யம். ரெண்டு. எட்டு.
புத்தகத்தில் விரலை ஓட்டி
"சரி... சரி..." என்றார் குரியாக்கோஸ்.
கடைசியில் ஏழு.

"ஏழா? இதுல ஒண்ணாணல்லோ."

மறுபடி குத்தியிருந்தால் இரும்பு வீங்கும்,
அரம் போட்ட கோடு குறுக்கே ஓடும்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
நகத்தால் ஓட்டிப் பார்த்தேன். சுத்தம்.
எல்லாம் ஒரே அச்சு,
ஏழு மட்டும் கொஞ்சம் சலிப்போடு அடித்தது மாதிரி
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

பிறகுதான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன்.
கொல்லத்து குமாஸ்தா ஏழின் தலையைக் குறுக்கி எழுதுகிறவர்.
திருநெல்வேலி குமாஸ்தா
ஒன்றுக்கு மூக்கு வைக்கிறவர்.
ஆபீஸ் மாறிய ஏதோ ஒரு மத்தியானத்தில்
அவருடைய ஒன்று ஆகிவிட்டது இவருடைய ஏழு.
அதன் பிறகு வரி, இன்சூரன்ஸ், இரண்டு பெயர் மாற்றம்,
அத்தனை பேரும் புத்தகத்தைப் பார்த்துப் புத்தகத்தை எழுதினார்கள்.

ஒன்றில் முடிகிற வண்டியும் எங்கோ உண்டே.
அதற்கு யாரோ வரி கட்டியிருக்கிறார்கள்,
அதன் பேரில் இங்கே பள்ளிவாசல் தெருவில்
மூன்று கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏறியிருக்கிறார்கள்.
அதற்குத் தெரியாது.

பாத்திமாவுக்குச் சிரிப்பு.
"ரேசன் கார்டுல நான் ஆம்பள.
பதினோரு வருசம் அரிசி போட்டான்,
ஒருத்தனும் கேக்கல."

குரியாக்கோஸ் சிரிக்கவில்லை.
நம்பர் சேரலைன்னா கொல்லத்தில் இழுப்பார்கள்,
இருபதாயிரம் குறைக்கணும் என்றார்.

அவர் முக்காட்டைச் சரிசெய்தார்.
"குறைக்கிறதா இருந்தா ஒண்ணைத் தேடி எடுத்துட்டுப் போங்க.
ஏழு இங்கயே நிக்கட்டும்."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தகரம்தான் பேசியது.

நான் தாளை டேப்பில் எடுத்து
படிவத்தில் ஒட்டினேன்.
கீழே பேனாவால் எண்ணையும் எழுத வேண்டும்.
கடைசி இடத்துக்கு வந்ததும் நின்று,
ஏழு போட்டு
அதன் இடுப்பில் ஒரு சின்னக் கோடு கிழித்தேன்.
இனி வருகிறவனுக்கு.

விரிப்பைப் போட்டுக் காலால் அமுக்கியபோது
குரியாக்கோஸ் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்,
எத்தனை என்று நான் பார்க்கவில்லை.